சனிக்கிழமை மழை இல்லையென்றால்

ஃபிரான்சஸ் மவுன்சி அந்தத் திங்கட்கிழமை காலை இரண்டு வீடுகளுக்குப் போனாள். இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியை நேராகக் கேட்டாள்.

முதல் வீடு ஜோன் ரெல்ஃபுடையது. ஐம்பது வயதுக்காரி; தனி ஆளாகப் பண்ணையைப் பார்த்துக்கொள்பவள். முற்றத்தில் உட்கார்ந்து நாயின் முன்னங்காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பாதத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"ஜோன், வியாழக்கிழமை மலையிலேர்ந்து ஆட்டையெல்லாம் இறக்கணும். நீ வந்து உதவி பண்றியா?"

ஜோன் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் யாரோ தண்ணீரை விசிறிவிட்டது போல இருந்தது.

"வியாழக்கிழமையா?"

"ஆமா. காலைல ஆறு மணிக்கு."

"இவன் கால்ல முள்ளு ஏறியிருக்கு. ரெண்டு நாளா நொண்டுறான்."

"நாய் இல்லாட்டியும் பரவாயில்ல. நீ வந்தாப் போதும்."

"பாப்போம்," என்ற ஜோன் மறுபடி குனிந்துகொண்டாள். "டீ போடட்டுமா?"

ஃபிரான்சஸ் வேண்டாமென்று சொல்லிவிட்டு ஐசக் பிர்கெட்டின் வீட்டுக்கு நடந்தாள். ஐசக்குக்கு அறுபத்துநாலு வயது. அந்தப் பள்ளத்தாக்கில் அவருக்கு அடங்காத நாயும் இல்லை, அவர் முழுசாகப் பேசி முடித்த வாக்கியமும் இல்லை. வேலிக் கதவின் மேல் கை போட்டு நின்றிருந்தார். கேள்வியைக் கேட்டதும் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"புல்லு வெட்டணுமே இந்த வாரம்," என்றார்.

அந்த நேரம் பார்த்து ரூபர்ட் பாதையில் வந்துகொண்டிருந்தார். மூன்று வருடத்துக்கு முன் லண்டனிலிருந்து வந்து பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தை வாங்கிக் குடியேறியவர். "நான் வரேன் ஃபிரான்சஸ். வியாழன் ஆறு மணி. கண்டிப்பா வரேன். வேற என்ன வேணும்னாலும் தயங்காம சொல்லுங்க," என்றார். ஐசக் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். ஃபிரான்சஸ் நன்றி சொன்னாள். சொல்லும்போதே, இவருக்கு ஆட்டின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்றாவது தெரியுமா என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் நிலத்துக்குச் சொந்தமான எஸ்டேட்டின் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். கணவன் எட்வினின் மறைவுக்கு இரண்டு வரி அனுதாபம். பிறகு, குத்தகையை அவள் தன் பெயரில் தொடரப்போகிறாளா இல்லையா என்று ஜூலை முடிவதற்குள் தெரிவிக்க வேண்டும். தொடரவில்லையென்றால் நிலம், வீடு, மலைமேல் மேயும் நானூறு ஆடுகள் எல்லாம் அடுத்த குத்தகைக்காரருக்குப் போகும். அவை வீட்டோடு சேர்ந்த மந்தை. தாய் ஆடு காட்டிய இடத்தை விட்டு வேறெங்கும் மேயாதவை; அதனால் குத்தகைக்காரர் மாறினாலும் அவை மாறுவதில்லை.

எட்வின் மார்ச்சில் இறந்துபோனான். டிராக்டர் கொட்டகையில், கையில் ஸ்பானரோடு. அதன் பிறகு வந்த ஏப்ரல் அவளுக்குச் சரியாக நினைவில்லை. குட்டி ஈனும் மாதம் அது. தினமும் விடிந்ததும் முற்றத்தில் ஜோன் நின்றாள், இல்லையென்றால் ஐசக் நின்றார். எப்போது வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அவள் நினைவில் இல்லை. அழைக்காமலே வந்தவர்கள் அவர்கள். இப்போது அழைத்தால், ஒருத்தி நாயின் காலைப் பார்க்கிறாள், ஒருவர் பூட்ஸைப் பார்க்கிறார். அலுத்துப்போய்விட்டதோ என்னவோ. எத்தனை நாளைக்குத்தான் ஒரு விதவையைச் சுமப்பார்கள்.

அந்த மலை ஆடுகளைத் தனியாளாக இறக்க முடியாது. ஐந்து பேராவது வேண்டும், நாய்களோடு. பக்கத்துக்கொருவராக வரிசையாகப் பரந்து நின்று, மேலிருந்து துடைப்பது போல் ஆடுகளைக் கீழே கொண்டுவர வேண்டும். ஜூலையில் புது ரோமம் அடியிலிருந்து எழும்பும்போது பழையதைக் கத்தரித்துவிட வேண்டும். தாமதித்தால் வெயிலில் ஈ மொய்த்து உயிரோடு புழு வைத்துவிடும். இதைச் செய்ய முடிந்தால் இங்கே இருப்பது, முடியாவிட்டால் நாரிச் நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போவது. அவள் தனக்குத்தானே இப்படித்தான் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இருபத்திரண்டு வருடம் இங்கே. ஆனால் ஆடு இறக்கும் நாளில் அவள் மலைக்குப் போனது நாலைந்து தடவைதான். வாரத்தில் மூன்று நாள் டவுனில் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை. மற்ற நாளில் சமையல். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு உருளைக்கிழங்கையும் ஆட்டிறைச்சியையும் அடுக்கிப் பெரிய சட்டியில் வேகவைத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. அப்போதெல்லாம் எட்வினிடம் முந்தின நாள் கேட்பாள்.

"நாளைக்கு யார் யார் வராங்க?"

"யாரும் வரேன்னு சொல்லல."

"அப்ப எத்தனை பேருக்குச் சமைக்கிறது?"

"ஏழு பேருக்குப் பண்ணிடு."

"யாரும் சொல்லலேங்கறே, ஏழு பேர் எங்கேர்ந்து வந்தாங்க?"

"சாப்பிடப் போறது ஏழு பேரு, ஃபிரான்சி."

ஏழு பேர்தான் சாப்பிடுவார்கள். ஒருதரம்கூடத் தப்பியதில்லை. எரிச்சலாக இருக்குமே தவிர, அது எப்படி என்று அவள் உட்கார்ந்து யோசித்ததில்லை. இப்போது, செவ்வாய்க்கிழமை மத்தியானம், யோசித்தாள். ஏழு என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது?

எட்வினின் பழைய டைரிகள் அடுப்பங்கரை இழுப்பறையில் கிடந்தன. தீவனக் கடையில் வருடாவருடம் இலவசமாகத் தரும் சின்ன டைரிகள். அவன் எந்தத் தேதியில் ஆடு இறக்கினான் என்று பார்ப்பதற்காகத்தான் எடுத்தாள். ஒரு வருடத்தில்: 'புதன். காய்ந்தால் மேலே போகலாம்.' அடுத்த வருடத்தில்: 'வெள்ளி. ஒருவேளை ஆடு பார்க்கலாம்.' இன்னொன்றில்: 'செவ்வாய். போனாலும் போவேன்.' பத்து டைரி புரட்டினாள். 'ஆடு இறக்குகிறேன்' என்று ஒரு இடத்திலும் இல்லை. வேறு யாரும் படிக்காத, தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்பில்கூடப் போனாலும் போவானாம். ஆனால் அந்தந்தத் தேதியில்தான் அவள் சட்டி ஏற்றியிருக்கிறாள். ஒரு வருடம் அன்றைக்கு அவள் விரலைச் சுட்டுக்கொண்டாள். அதனால் அந்தத் தேதி நன்றாகவே நினைவிருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மார்ச்சுக்குப் பிறகு வராத சிரிப்பு. அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதும் இப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல் சுவரின் மேல் உட்கார்ந்து, "அந்தப் பின்னறைக்கு வெள்ளையடிச்சா ரெண்டு பேர் தாராளமா இருக்கலாம்னு நினைக்கிறேன்," என்றான். நீ என்னைக் கட்டிக்கிறியா இல்லையா, ஒழுங்காக் கேளு என்று அவள்தான் சண்டை பிடித்தாள். அவன் காது நுனிவரை சிவந்துபோனான். நாரிச்சில் அவள் வளர்ந்த தெருவில் ஒருவர் வருகிறேன் என்றால் வருவார், முடியாது என்றால் வரமாட்டார்.

டைரியை மூடவில்லை. திங்கட்கிழமை தான் கேட்ட கேள்வியை ஜோன் இருந்த இடத்திலிருந்து கேட்டுப் பார்த்தாள். உதவி பண்றியா? முடியாதென்றால், கணவனை இழந்தவளின் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லியாக வேண்டும். முடியுமென்றால், அந்த நிமிடத்திலிருந்து ஒருத்தி உதவி செய்தவள், இன்னொருத்தி வாங்கிக்கொண்டவள். அதற்கப்புறம் வழியில் பார்க்கும்போதெல்லாம் இவள் நன்றி சொல்ல வேண்டும், அவள் பரவாயில்லை என்று சொல்ல வேண்டும். எட்வின் யாரையும் அப்படி நிறுத்திவைத்ததில்லை. ஒரு நாளை மட்டும் பேச்சோடு பேச்சாகப் போட்டுவிட்டு வந்துவிடுவான். எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளாதவர்களை யாரும் பார்க்கப்போவதில்லை.

அப்படித்தானா என்று அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை. சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

வியாழன் முழுக்க மழை என்று வானொலி சொன்னது. புதன்கிழமை காலை அவள் தீவனக் கடைக்குப் போனாள். கயிறு தொங்கும் மூலையில் ஐசக் நின்றிருந்தார். பார்த்தும் பார்க்காதவள் போல நேரே கடைக்காரரிடம் போய், வேண்டாத ஒரு வாளிக்கு விலை கேட்டாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள். பள்ளிக்கூட நாடகத்தில் ஒரே ஒரு வசனம் கிடைத்த பிள்ளை மாதிரி நெஞ்சு அடித்தது.

"சனிக்கிழமை மழை இல்லேன்னா மேல ஒரு எட்டுப் போய்ப் பாக்கலாம்னு இருக்கேன்," என்றாள் வாளியைப் பார்த்து.

கடைக்காரர் ஒரு கணம் கூடத் தாமதிக்கவில்லை. "சனிக்கிழமையா? சனிக்கிழமை வெளுத்துடும்னுதான் சொல்றாங்க," என்றார். தேவைக்குமேல் சத்தமாகச் சொன்னதாக அவளுக்குப் பட்டது.

மூலையில் ஐசக் ஒரு கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"வெளுத்தாலும் வெளுக்கும்," என்றார் கயிற்றிடம். சற்றுக் கழித்து, "எங்க பொட்டை நாய் அன்னிக்குச் சும்மாதான் கிடக்கும்."

அப்படின்னா வரீங்களா என்ற கேள்வி அவள் நாக்கு நுனிக்கு வந்தது. வாளியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை சொன்னபடியே கொட்டியது. அவள் கிளினிக் மேசையில் இருந்தாள். பத்து மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு ரூபர்ட் உள்ளே வந்தார். தொப்பியிலிருந்து மூக்குக்கும், மூக்கிலிருந்து தரைக்கும் தண்ணீர் ஒழுகியது.

"என்ன ரூபர்ட், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மலைச் சுவர்கிட்டேர்ந்து வரேன். ஆறுலேர்ந்து எட்டரை வரைக்கும் நின்னேன். நான்தான் தப்பான கதவுகிட்ட நின்னுட்டேனோன்னு நினைச்சேன்."

அவளுக்கு ஒரு நொடி எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் கன்னம் எரிந்தது. மற்ற இருவரின் அரைவார்த்தையை வைத்துக்கொண்டு மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டாள். முழு வார்த்தை கொடுத்தவரை மறந்தே போனாள்.

"ஐயோ, ரூபர்ட். மழைங்கறதால சனிக்கிழமைக்கு மாத்திட்டேன். உங்ககிட்ட சொல்லவே இல்ல. என்னை மன்னிச்சுடுங்க."

"மழைல ஆடு இறக்கமாட்டாங்களா?"

"நனைஞ்ச ரோமத்தைக் கத்தரிக்க முடியாது."

"அது எனக்குத் தெரியாது," என்றார். கோபமே இல்லை; உண்மையிலேயே புதிதாகத் தெரிந்துகொண்ட முகம். "நீங்க வியாழன்னு சொன்னீங்க. நான் வரேன்னு சொன்னேன். வந்தேன். சரி, சனிக்கிழமை ஆறு மணி?"

"நிச்சயமா வரணும்னு இல்ல..."

"வரேன்," என்று சொல்லிவிட்டுக் காலடியில் ஒரு குளத்தை விட்டுவிட்டுப் போனார். காத்திருந்த நோயாளிகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை சட்டிக்கு உருளைக்கிழங்கு சீவும்போது எத்தனை பேருக்கு என்று அவள் விரல் விட்டு எண்ணினாள். ரூபர்ட், நிச்சயம். ஐசக், நாய் வரும் என்றார். நாய் தனியாக வராது. ஜோன் பற்றி ஒன்றும் தெரியாது. யாரும் வராவிட்டால் அவளும் ரூபர்ட்டும் ஒரு வாரம் இதையே தின்ன வேண்டும். ஆறு பேருக்கு என்று வைத்தாள். எட்வினுக்கு இந்த எண்ணிக்கை எப்படிக் கை வந்தது என்று இன்னும் பிடிபடவில்லை. கடையில் கயிற்றிடம் பேசியவர்களையெல்லாம் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்திருப்பான் போல.

சனிக்கிழமை காலை மலையின் தலையில் மட்டும் கொஞ்சம் பஞ்சு மூட்டம். மற்றபடி காய்ந்த காற்று. சுவர்க் கதவுக்கு அருகில் ரூபர்ட் நின்றிருந்தார், கழுத்தில் புது விசிலோடு. வேறு யாருமில்லை. ஆறேகால். ஆறரை. எட்வினின் நாய் மெக் அவள் காலடியில் படுத்து, அவளை நம்பாத கண்ணால் மேலே பார்த்தது.

"மத்தவங்க எல்லாம் வராங்கன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார் ரூபர்ட்.

"யாரும் சொல்லல," என்றாள். நாரிச்சின் செங்கல் வீடுகள் வரிசையாகக் கண்ணில் வந்தன. வசதியான வீடுகள்தான். பேருந்து வாசலிலேயே நிற்கும்.

இருவருமாக ஏறத் தொடங்கினார்கள். அரை மணி நேரம் ஏறியபின் மெக் காதை நிமிர்த்தியது. இடதுபுற முகட்டில், வானத்துக்கு எதிராகக் குச்சி போல ஒரு உருவம். அதன் முன்னால் இரண்டு நாய்கள். அதற்கப்பால் இன்னும் சிலர். வலதுபுறம் ஓடைக்கு மேலே ஜோனின் மஞ்சள் தொப்பி. இவர்கள் யாரும் சுவர்க் கதவு வழியாக வரவில்லை. அவரவர் பக்கத்திலிருந்து விடியுமுன்பே ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தார்கள். தாமதமாக வந்தது அவள்தான்.

ஓடைக்கரையில் ஜோனை நெருங்கியபோது, "நீ வரமாட்டேன்னு நினைச்சேன்," என்றாள்.

"வரமாட்டேன்னு எப்ப சொன்னேன்? நாய் காலைப் பத்திச் சொன்னேன்ல. முள்ளை எடுத்தா நடப்பான்னு தானே அதுக்கு அர்த்தம்." ஜோன் கோலை ஊன்றினாள். "நீ வந்து கேட்டதும் நான் பயந்துட்டேன். பேங்க்காரன் மாதிரி கேக்கறே. எட்வின் போனதுல உனக்குப் புத்தி கலங்கிப்போச்சோன்னு ஐசக் கூட விசனப்பட்டாரு."

"அவர் புல்லு வெட்டணும்னாரே."

"ஆமா. வியாழனுக்குள்ள வெட்டி முடிச்சுடணுமேன்னு கவலை. இந்த மாசம் ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கே, அதுவரைக்கும் வெட்டியிருக்காரு. அப்புறம் நீ நாளை மாத்திட்டே." ஜோன் சட்டென்று குரலை உயர்த்தினாள். "அங்கயே நிக்காத. அந்தக் கிழட்டு ஆடு உன் காலுக்கிடையில பூந்து போகுது பாரு. மேல போ. மேல, மேல, கழுதை."

ஃபிரான்சஸ் மேலே ஓடினாள். மலைமேல் 'போனாலும் போவேன், வந்தாலும் வருவேன்' என்ற பேச்செல்லாம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. முகட்டுக்கு முகடு கத்தினார்கள். நில்லு. விடாதே. உன் நாயைப் பிடிடா, சனியனே. அரைவார்த்தை ஐசக், ரூபர்ட்டைப் பார்த்து நீண்ட, முழுமையான, இலக்கணச் சுத்தமான ஒரு வசவை விட்டார். அந்த விசிலைக் கழற்றி ஓடையில் போடச் சொன்ன வசவு அது. ரூபர்ட் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, சொன்ன இடத்தில் மரம் மாதிரி நின்றார். இரண்டரை மணி நேரம் மழையில் நிற்கத் தெரிந்தவருக்கு அது கஷ்டமாக இல்லை. அவர் நின்ற இடைவெளி வழியாக ஓர் ஆடும் தப்பவில்லை.

நடுவில் ஒரு முறை மந்தை இரண்டாகப் பிளந்தது. பாதி பாறைச் சரிவு நோக்கித் திரும்பியது. ஐசக் நாயை நிறுத்தி அவளைப் பார்த்தார். ஜோனும் பார்த்தாள். யாரும் அசையவில்லை. எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை.

"உன் மலைம்மா," என்று கத்தினார் ஐசக். "எந்தப் பக்கம்?"

எட்வின் எப்படிச் செய்வான் என்று அவளுக்குத் தெரியாது. சரிவையும் பார்த்தாள், ஓடையையும் பார்த்தாள். "பாறையை விடுங்க," என்று கத்தினாள். "ஓடைப் பக்கம் திருப்புங்க. ஜோன், நீ கீழ இறங்கி மறி." குரல் உடைந்து கீச்சென்று வந்தது. மெக் அவள் கை நீண்ட திசையில் பாய்ந்தது. அது சரியான முடிவில்லை. ஓடைச் சேற்றில் கால்மணி நேரம் வீணாயிற்று. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சேற்றிலிருந்து ஆடுகளைத் தூக்கிவிட்டார்கள்.

நண்பகலுக்குள் மந்தை முழுக்கப் பட்டியில் இருந்தது. எட்டுப் பேர் சாப்பிட்டார்கள். ஃபிரான்சஸுக்குச் சட்டி சுரண்டியதுதான் மிஞ்சியது. பிற்பகல் கத்தரிப்பு. ஐசக்கும் இன்னும் இருவரும் கத்தரிக்க, ரூபர்ட் ரோமத்தைச் சுருட்டினார், மோசமாக. பழுப்பு ரோமம் கழன்றதும் ஆடுகள் வெள்ளிச் சாம்பல் நிறத்தில், அடையாளம் ஏதுமின்றி, முற்றத்தில் நின்றன. மவுன்சி பண்ணைக் குறி, இடது விலாவில் ஒரு சிவப்புக் கோடு, ரோமத்தோடு போய்விட்டிருந்தது.

ஜோன் சிவப்புச் சாயச் சட்டியையும் குச்சியையும் கொண்டுவந்து அவள் முன் நின்றாள். எஸ்டேட் கடிதத்தைப் பற்றி அவளிடம் ஃபிரான்சஸ் சொன்னதில்லை. ஆனால் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வேறொருவர் குத்தகைக்கு வருவதென்றால் வருகிறவர் தன் குறியைப் போட்டுக்கொள்வார். அதுவரை ஆடுகள் கீழ் வயலில் குறியில்லாமல் நிற்கும். குறி போட்டால் கத்தரித்தவை இன்றைக்கே மலைக்குத் திரும்பலாம்.

"குறி போடட்டுமா, வேண்டாமா?" என்றாள் ஜோன்.

கத்தரிக்கோல்கள் நின்றன. ஐசக் தலையைத் தூக்கவில்லை. ஆனால் கையிலிருந்த ஆட்டை விடவும் இல்லை. ஜோன் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், சுற்றி வளைக்காமல், நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒன்றை மட்டும் இப்படித்தான் கேட்க வேண்டும் என்று அவள் எப்போது முடிவு செய்தாளோ.

பின்னறையில் இனி ஒருவர்தான். குளிர்காலத்தில் பாதை பனியில் மூடினால் வாரக்கணக்கில் ஒருவர்தான். ஃபிரான்சஸ் அதையெல்லாம் நினைக்காமல் இல்லை. கையை நீட்டிக் குச்சியை வாங்கினாள்.

"குடு. நான் போடறேன்."

முதல் ஆடு முண்டியது. கோடு விலாவில் தொடங்கி எங்கோ தொடை வரை ஓடியது.

"கோணலா இருக்கு," என்றார் ஐசக்.

"அது கண்ணாடியா பாக்கப் போகுது," என்றாள் ஜோன். "நல்லா அழுத்திப் பிடி ரூபர்ட், அடுத்ததைக் கொண்டா."